138 கி.மீ. வேகத்தில் வீசிய 17 வயதுப் பையன்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொங்குப் பகுதியின் மாவட்டத் தலைநகர் ஒன்றில் வேகப்பந்து வீச்சாளர்களுக்காக நடந்த ஒரு தேர்வு முகாம், அதில் கிடைத்த ஒரு பையன், அடுத்த இரண்டு பருவங்கள் அவனை நாங்கள் எப்படிப் பார்த்தோம், என்ன முடிவெடுத்தோம், ஏன் எடுத்தோம், அதனால் என்ன ஆனது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பையன்கள், பெற்றோர், பயிற்சியாளர்கள், கிளப் என யாருடைய பெயரும் இதில் இல்லை. மாவட்டங்களில் இதே வேலையைச் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முகாமை நடத்தியது ஒரு தனியார் அகாடமி. பணம் போட்டவர் ஒரு தொழிலதிபர், கிரிக்கெட்டில் உண்மையான ஆர்வம் உள்ளவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நம் மாவட்டத்திலிருந்து இந்தியாவுக்கு ஆடக்கூடிய ஒரு வேகப்பந்து வீச்சாளர் வேண்டும், அவனைக் கண்டுபிடித்துக் கொடுங்கள். தேர்வாளர்கள் மூன்று பேர். ஒருவர் ரஞ்சி ஆடிய முன்னாள் வேகப்பந்து வீச்சாளர், எங்களில் மூத்தவர். இன்னொருவர் பிசியோ. மூன்றாவது, பயிற்சியாளராக நான்.

மாவட்ட நிலைமை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையில் 1987 முதல் எம்.ஆர்.எஃப். பேஸ் பவுண்டேஷன் என்ற வேகப்பந்து வீச்சுப் பயிற்சி மையம் இருக்கிறது. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி கால் நூற்றாண்டு நடத்தி, 2012-இல் இன்னொரு ஆஸ்திரேலியரான க்ளென் மெக்ரா கையில் கொடுத்த இடம். அங்கே போய்ச் சேரும் பையனுக்கு வீடியோ, பிசியோ, நல்ல புல்தரை ஆடுகளம் எல்லாம் உண்டு. எங்கள் பக்கம் அந்த டர்ஃப் விக்கெட் என்பதே அபூர்வம். பெரும்பாலான பையன்கள் மேட்டிங்கில், அதாவது பாய் விரித்த ஆடுகளத்தில் ஆடுவார்கள், அதற்கும் முன்னால் டென்னிஸ் பந்தில் ஆடுவார்கள். வார இறுதியில் விளக்கொளியில் நடக்கும் டென்னிஸ் பந்துப் போட்டிகளில் வேகமாக யார்க்கர் போடத் தெரிந்தவனுக்கு நல்ல கிராக்கி. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் காசும் கொடுப்பார்கள்.

முதல் நாள்: ஆளுக்கு ஆறு பந்து

இருநூறுக்கும் மேற்பட்ட பையன்கள் வரிசையில் நின்றார்கள். காலை ஆறரைக்குத் தொடங்கினால் பதினொரு மணிக்குள் முடித்தாக வேண்டும், அதற்கு மேல் வெயில் தாங்காது. ஆகவே ஆளுக்கு ஆறு பந்து. பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கன்னை விக்கெட் கீப்பருக்குப் பின்னால், பந்து வரும் நேர்கோட்டிலேயே வைத்திருந்தோம். கன் பக்கவாட்டில் இருந்தால் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும், கோணம் கூடக் கூட இன்னும் குறையும். ஒரே பையனை இரண்டு இடத்தில் அளந்துவிட்டு "வேகம் குறைந்துவிட்டது" என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் இதில் கொஞ்சம் பிடிவாதமாக இருந்தோம்.

பையனுக்கு அப்போது 17 வயது. ஆறடி ஒரு அங்குல உயரம், வலதுகை. அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். 13 வயதிலிருந்து டென்னிஸ் பந்து ஆடியிருக்கிறான், ஸ்டிட்ச் பந்தை, அதாவது தையல் போட்ட தோல் பந்தைக் கையில் எடுத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நான்காவது பந்தில் கன் 138 காட்டியது. மற்றவை 131-லிருந்து 136 வரை. கடைசிப் பந்து லெக் பக்கம் வைடாகப் போனது. அது போகிற போக்கில் கீப்பரின் கையுறையில் மோதிய சத்தத்துக்கே வரிசையில் நின்ற பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதே காலையில் 15 வயது இடதுகைப் பையன் ஒருவனும் வீசினான். ரப்பர் ஷூ, ஒல்லியான உடம்பு, 119-க்கும் 122-க்கும் நடுவே வேகம். ஆனால் ஆறு பந்தில் நாலு பந்து, ஒரு கைத்துண்டை விரித்தால் அடங்குகிற இடத்தில் விழுந்தன. சீம், அதாவது பந்தின் தையல் வரி, நேராக நின்றபடியே போனது. தேர்வு மேசையில் அவனைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூத்தவர் மட்டும் "கட்டுப்பாடு நன்று" என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

படிவத்தின் கடைசிக் கட்டம்

ஸ்பான்சர் தரப்பில் தயாரித்த மதிப்பீட்டுப் படிவத்தில் ரன்-அப், ஆக்‌ஷன், வேகம், துல்லியம் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு கட்டம் இருந்தது: சர்வதேச அளவுக்குப் போக வாய்ப்பு, 10-க்கு எத்தனை? மூத்தவர் பையனுக்கு 9 போட்டார். பிசியோ 4. நான் எதையும் எழுதவில்லை. அன்று மாலை இதில்தான் பெரிய விவாதம்.

மூத்தவர் சொன்னதில் நியாயம் இருந்தது. லைன், லெங்த்தை, அதாவது பந்து போகும் திசையையும் விழும் தூரத்தையும் சொல்லிக் கொடுக்கலாம், ஸ்விங்கைச் சொல்லிக் கொடுக்கலாம், வேகத்தை யாராலும் சொல்லிக் கொடுக்க முடியாது, அது இவனிடம் இருக்கிறது, இருக்கிறவனை எடுத்து மற்றதைக் கற்றுக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்றார். சர்வதேச ஆட்டத்தில் 125-இல் வீசும் வலதுகைக்காரனுக்கு இன்றைக்கு இடம் மிகமிகக் குறைவு என்பதும் உண்மைதான். இதை நானும் மறுக்கவில்லை.

என் தயக்கம் வேறு. வேகம் ஒருவனைக் கதவு வரை கொண்டுபோய் விடுகிறது, உள்ளே உட்கார வைப்பது வேறு சில விஷயங்கள். உம்ரான் மாலிக் 2022 ஐபிஎல்லில் 157 கி.மீ. வரை வீசினார், அதே ஆண்டு இந்தியாவுக்கும் ஆடினார். ஆனாலும் அணியில் அவருடைய இடம் நிலைக்கவில்லை. 2018-இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற அணியில் கமலேஷ் நாகர்கோட்டி வீசிய வேகத்தைப் பார்த்துவிட்டு நாடே பேசியது. அடுத்த இரண்டு ஐபிஎல் பருவங்களையும் காயத்தால் அவர் முழுதாக இழந்தார். பேட் கம்மின்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 நவம்பரில் ஜோஹன்னஸ்பர்க்கில் 18 வயதில் முதல் டெஸ்ட், இரண்டாவது இன்னிங்ஸில் ஆறு விக்கெட், ஆட்ட நாயகன். அவருடைய இரண்டாவது டெஸ்ட் 2017 மார்ச்சில் ராஞ்சியில். நடுவில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல், பெரும்பாலும் முதுகோடு போராட்டம். அவர் பின்னால் கம்மின்ஸ் ஆனார் என்பது சரி, ஆஸ்திரேலிய வாரியத்தின் மருத்துவ வசதி பின்னால் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விசைத்தறிக்காரர் மகனுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கூடக் கிடைக்காது.

பிசியோ ஒரே கேள்வி கேட்டார்: "இவன் ஆறாவது ஓவர்ல எப்படி இருப்பான், அறுபதாவது ஓவர்ல எப்படி இருப்பான்னு நம்மள்ல யாராவது பார்த்தோமா?" யாரும் பார்க்கவில்லை. கடைசியில், அந்தக் கட்டத்தை அன்றைக்கு நிரப்புவதில்லை, பையனை அகாடமியில் சேர்த்துக்கொண்டு சில வாரம் பார்த்துவிட்டு எழுதுவது என்று ஸ்பான்சரிடம் கேட்டு வாங்கினோம். அதோடு நான் இன்னொன்றும் கேட்டேன், இடதுகைப் பையனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று. "சரி, ஒரு பையன்தானே" என்று விட்டார்கள்.

உடம்பில் பார்த்தது

முதல் வாரத்திலேயே போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்தோம், பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும். பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. பையனின் பின்கால் தரையில் படும் நேரத்தில் இடுப்பும் மார்பும் மட்டையாளரைப் பார்த்துத் திறந்திருந்தன. அடுத்த கணம் இடுப்பு அப்படியே இருக்க, தோள்கள் மட்டும் பக்கவாட்டாகத் திரும்பிப் போய், அங்கிருந்து மறுபடி முன்னால் சுழன்றன. இதைத்தான் மிக்ஸ்டு ஆக்‌ஷன் என்பார்கள். இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் என்று முறுக்கும்போது அந்த முறுக்கல் முழுவதும் கீழ்முதுகு எலும்பில் விழுகிறது. முன்கால் தரையில் மோதும் கணத்தில் உடல் எடையைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு விசை வருகிறது என்பது வேகப்பந்து வீச்சைப் பற்றிப் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அந்த விசையும் இந்த முறுக்கலும் ஒரே நேரத்தில், ஒவ்வொரு பந்துக்கும். கீழ்முதுகு எலும்பு முழு உறுதி அடைய இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும். 17 வயதில் அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தோம். வீசும் கணத்தில் அவனுடைய முன்கால் முட்டி நன்றாக மடங்கியது. முன்கால் விறைப்பாக நின்றால்தான் ஓடிவந்த வேகம் இடுப்பு வழியாகத் தோளுக்கு ஏறும். மடங்கினால் பாதி வழியிலேயே கரைந்துவிடும். அப்படிக் கரைந்தும் 138 வந்திருக்கிறது. மூத்தவர் இதைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டார், காலை நேராக்கினால் 143 வருமே என்றார். வரலாம். ஆனால் விறைத்த கால் வேகத்தோடு முதுகுக்கான அடியையும் கூட்டும், அதுவும் தோள் முறுக்கல் சரியாகாத நிலையில். எனவே காலைத் தொடுவதில்லை என்று அப்போதே பேசி வைத்துக்கொண்டோம்.

ஆக்‌ஷன் பார்க்க அழகாக இல்லை என்பதற்காக யாரையும் கழிக்கக் கூடாது, அதற்கு பும்ராவைத் தவிர வேறு சாட்சி தேவையில்லை. நாங்கள் பார்த்தது அழகை அல்ல, தாங்குமா என்பதை.

இடதுகைப் பையன் விஷயத்தில் வேறு ஒரு தகவல் கிடைத்தது. 16 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களுக்காக இடது மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைக் கணக்கிடும் டி.டபிள்யூ.3 சோதனை அவனுக்கு நடந்தது. வயதைக் குறைத்துச் சொல்கிறவர்களைப் பிடிக்கத்தான் அந்தச் சோதனை. எங்களுக்கு அதில் வேறொரு பயன் தெரிந்தது: இவனுடைய எலும்பு வயது பிறப்புச் சான்றிதழ் வயதைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருடம் பின்தங்கியிருந்தது. அதாவது இன்னும் வளர்ச்சி பாக்கி இருக்கிறது. பதினைந்து, பதினாறு வயதில் வேகமாகத் தெரிகிற பையன்களில் பலர் சீக்கிரம் வளர்ந்துவிட்டவர்கள், அவ்வளவுதான். மீசை முளைத்தவனையும் முளைக்காதவனையும் ஒரே வரிசையில் நிற்க வைத்து வேகத்தை அளந்தால் நாம் அளப்பது பருவ வளர்ச்சியைத்தான்.

மூன்றாவது ஸ்பெல்

இரண்டு நாள் பயிற்சி ஆட்டம் ஒன்று வைத்தோம். ஸ்பெல் என்றால் ஒருவர் இடைவேளை இல்லாமல் ஒரு தடவையில் வீசும் ஓவர்கள். காலை, மதியம், மாலை என்று மூன்று ஸ்பெல்லிலும் கன்னை ஒரே இடத்தில் வைத்து எழுதினோம். பையன் காலையில் 135, மதியம் 132, மாலை நாலு மணிக்கு 126. அந்த வயதில் இவ்வளவு குறைவது எதிர்பார்த்ததுதான். வேகத்தோடு லெங்த்தும் குறைந்து பந்து ஷார்ட்டாக விழுந்தது, அதுதான் முக்கியம். ஒரு இடதுகை மட்டையாளர் அடுத்தடுத்து இரண்டு பந்தை ஸ்கொயர் லெக்குக்கு அடித்தார். பையன் கேப்டனைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை, நேராக ரன்-அப் முனைக்குப் போய் இன்னும் வேகமாக, இன்னும் ஷார்ட்டாகப் போட்டான். மூன்றாவது பந்தும் அதே இடத்துக்குப் போனது.

அதே மட்டையாளர் இடதுகைப் பையனையும் அடித்தார். அவன் கீப்பரிடம் போய் ஏதோ கேட்டான், திரும்பி வந்து கிரீஸின் ஓரத்துக்குத் தள்ளிப் போய் வீசினான். விக்கெட் விழவில்லை, ரன் மட்டும் நின்றது. பிறகு என்ன கேட்டாய் என்று விசாரித்தேன். "அவரு காலை எங்க வைக்கிறாருன்னு கேட்டேங்க சார்" என்றான்.

இந்த இடத்திலேயே பையனைப் பற்றி முடிவு கட்டியிருக்கலாம். பலர் அப்படித்தான் செய்வார்கள், "வேகம் இருக்கு, மூளை இல்லை" என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். ஆனால் அவன் நாலு வருடம் ஆடிய டென்னிஸ் பந்தில் ஒரு ஆட்டத்துக்கு இரண்டு ஓவர்தான். மூன்றாவது ஸ்பெல் என்ற ஒன்றை அவன் வாழ்நாளில் அன்றுதான் வீசியிருக்கிறான். யாரும் சொல்லிக் கொடுக்காத பாடத்தில் தோற்றதை வைத்து எதையும் சொல்ல முடியாது. சொல்லிக் கொடுத்த பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

மணிக்கட்டு

அவனுக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொன்னோம். டென்னிஸ் பந்துப் பழக்கத்தில் ஸ்டிட்ச் பந்தையும் விரல்களுக்குள் ஆழமாகப் பிடித்து, விடும்போது மணிக்கட்டைப் பக்கவாட்டில் சாய்த்தான். சீம் கரகரவென்று சுற்றிக்கொண்டு போனது. பந்தை விரல் நுனிக்குக் கொண்டு வா, மணிக்கட்டு பந்துக்குப் பின்னால் இருக்கட்டும், மல்லாந்து படுத்துக்கொண்டு பந்தை நேர் மேலே தூக்கிப் போட்டுச் சீம் ஆடாமல் போகிறதா என்று பார். அவ்வளவுதான். வேறு எதையும் பேசக் கூடாது என்று மற்றப் பயிற்சியாளர்களுக்கும் சொல்லிவிட்டோம். ஏனென்றால் ஒரே நேரத்தில் ஐந்து விஷயம் சொன்னால் அவன் எதைக் கற்றான், எதை விட்டான் என்று நமக்கே தெரியாமல் போகும்.

ஒரு வாரம் கழித்து நெட்ஸில் வீசியபோது பத்தில் ஆறு ஏழு பந்துகளில் சீம் நிமிர்ந்து போனது. பையனைக் கூப்பிட வந்த அப்பா, "ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து பார்த்தா இவன் திண்ணையில படுத்துக்கிட்டுப் பந்தைத் தூக்கிப் போட்டுட்டு இருக்கானுங்க சார், தூங்கவே மாட்டேங்கிறான்" என்றார். மேற்கொண்டு, "ஏனுங்க சார், பையன் எப்பங்க டிவியில வருவான்?" என்றும் கேட்டார். அதைச் சொல்லும் நிலையில் நான் இல்லை, முதலில் முதுகு தாங்கட்டும் என்றேன்.

138-ஐவிட இந்த ஒரு வாரம்தான் எனக்கு அவன் மேல் நம்பிக்கை கொடுத்தது. சர்வதேச கிரிக்கெட்டில் ஒரு பந்து வீச்சாளனை இரண்டு தொடருக்குள் வீடியோ வைத்துப் பிரித்து மேய்ந்துவிடுவார்கள், அதற்குப் பிறகு அவன் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு வர வேண்டும், மறுபடி கற்க வேண்டும். கற்கிற வேகம் கன்னில் தெரியாது. சொல்லிவிட்டுக் காத்திருந்துதான் பார்க்க முடியும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

தோள் முறுக்கலைச் சரிசெய்வது, ஆனால் ஆக்‌ஷனை மாற்றி எழுதுவதில்லை. அவன் இடுப்பு இயல்பாகத் திறந்து வருவதால், தோளையும் அதோடு சேர்த்து முன்னோக்கியே வைத்துப் பழக்குவது. பக்கவாட்டு ஆக்‌ஷனுக்குக் கொண்டுபோனால் அழகாக இருக்கும் என்று மூத்தவர் விரும்பினார். இதில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆண்டர்சன் கதையை எடுத்துப் பேசினோம்: இளம் வயதில் முதுகைக் காப்பாற்றவென்று அவருடைய ஆக்‌ஷனை மாற்றினார்கள், 2006-இல் அவருக்கு முதுகில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் எலும்பில் விரிசல் வந்தது, பிறகு பழைய ஆக்‌ஷனுக்கே திரும்பி 704 டெஸ்ட் விக்கெட்டில் போய் நின்றார். மூத்தவர் ஒப்புக்கொண்டார்.

பந்து எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தோம். வாரம் 90 பந்தில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவது, எந்த வாரமும் முந்தைய நாலு வாரச் சராசரியைவிடச் சட்டென்று தாவக் கூடாது. சென்னை லீக் கிளப் ஒன்று அவனை அந்தப் பருவத்திலேயே கேட்டது. அனுப்பவில்லை. ஸ்பான்சருக்கு இது வருத்தம். "நடராஜனும் டென்னிஸ் பந்துலதானே வந்தாரு" என்றார். உண்மை, ஆனால் சின்னப்பம்பட்டி நடராஜன் தமிழ்நாட்டுக்கு முதல் ரஞ்சி ஆடியது 2015 தொடக்கத்தில், அதோடு ஆக்‌ஷன் பற்றிச் சந்தேகம் கிளம்பி, அதைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்து, இந்தியாவுக்கு ஆடியது 2020 டிசம்பரில், 29 வயதில். அந்தக் கால நீளத்தைச் சொன்ன பிறகு அவர் வற்புறுத்தவில்லை.

படிவத்தின் கடைசிக் கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாகச் சில வரிகள் எழுதினோம்: வேகம் உண்டு, கற்கிறான், நீண்ட ஸ்பெல் அனுபவம் இல்லை, முதுகு ஆபத்தில் இருக்கிறது, ஒரு வருடம் கழித்து மறு மதிப்பீடு.

முதுகுவலி

மூன்றாவது மாதம் பையன் கீழ்முதுகில் இடது பக்கம் பிடிக்கிறது என்றான். வலதுகைப் பந்து வீச்சாளனுக்கு இடது பக்கம் வலித்தால் அலட்சியம் செய்யக் கூடாது. ஸ்ட்ரெஸ் காயம் வழக்கமாக வீசும் கைக்கு எதிர்ப்பக்கம்தான் வரும். பிசியோ இடது காலில் மட்டும் நிற்க வைத்துப் பின்னால் வளையச் சொன்னார், பாதி வளைவிலேயே முகம் சுளித்தான். அன்றே பந்து வீச்சை நிறுத்தினோம். எம்.ஆர்.ஐ.யில் கீழ்முதுகின் ஐந்தாவது முள்ளெலும்பின் இடது பக்கம் எலும்புக்குள் வீக்கம் தெரிந்தது, விரிசல் விழவில்லை. இன்னும் சில வாரம் வீசியிருந்தால் விழுந்திருக்கும் என்றார் மருத்துவர்.

எங்கள் கணக்குப்படி அவனுடைய பந்துகள் வரம்புக்குள்தான் இருந்தன. பிசியோ அவனைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். அப்புறம்தான் வந்தது: "சனி ஞாயிறு ராத்திரி மேட்ச் போயிட்டு இருந்தேங்க. காசு தர்றாங்க." ஒரு இரவுக்கு நாலைந்து ஆட்டம், ஆட்டத்துக்கு இரண்டு ஓவர், இரண்டு இரவு சேர்த்தால் நூறு பந்தை ஒட்டி வரும். இறுகிய மண் தரையில், ரப்பர் ஷூவில், ஒவ்வொரு ஓவரும் முழு வேகத்தில். நாங்கள் எழுதி வைத்த எண்ணைப் போல இரண்டு மடங்கை அவன் முதுகு சுமந்திருக்கிறது. அந்தக் காசில்தான் வீட்டில் ஒரு தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

திட்டுவதில் பயனில்லை என்பதில் மூன்று பேரும் ஒத்துப்போனோம். போகாதே என்று சொன்னால் அந்தத் தவணையை யார் கட்டுவது? முன்பு அவனைக் கேட்ட சென்னை கிளப்பிடமே பேசினோம்: இந்தப் பருவம் ஆட மாட்டான், அடுத்த பருவம் உங்களுக்குத்தான், அதற்கு இப்போதிருந்தே மாதம் ஒரு தொகை கொடுங்கள். கிளப் செயலாளர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். இரவு ஆட்டம் அன்றோடு நின்றது.

மறுபடி பந்தை எடுத்தது

நாலு மாதம் பந்து வீச்சே இல்லை. வயிறு, இடுப்பு, தொடைக்கான பயிற்சி மட்டும். அந்த ஓய்விலேயே தோளைச் சரிசெய்யும் வேலையைச் சேர்த்துக்கொண்டோம், பந்து இல்லாமல், நடந்து வந்து பின்கால் வைத்து நிற்கும் நிலையில். வேகம் இல்லாதபோதுதான் உடம்பு புதுப் பழக்கத்தை ஏற்கும். அதன் பிறகு நாலு அடி ஓட்டம், பாதி ரன்-அப், முழு ரன்-அப் என்று படிப்படியாகப் போனோம்.

திரும்பி வந்தபோது வேகம் 129, 130. கிளப்பில் முணுமுணுப்பு, ஊரில் "வேகம் போச்சு" என்று பேச்சு. பையன் ஒருநாள் பழைய மாதிரியே போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டான். வீடியோவில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். எதிலிருந்து வலி வந்தது என்று அவன் கண்ணாலேயே பார்த்த பிறகு திரும்பக் கேட்கவில்லை. அடுத்த பருவத்தின் நடுவில் 136 வந்தது. காலையில் 136, மாலையில் 132. முகாமில் காட்டிய 138-ஐவிட இந்த 132-தான் எனக்குப் பெரிய எண்.

இப்போதைய நிலை

பையனுக்கு இப்போது 19 வயது தாண்டிவிட்டது. சென்னை லீக்கில் ஒரு பருவம் காயமில்லாமல் முடித்திருக்கிறான், மாநில 23 வயதுக்குட்பட்டோர் உத்தேசப் பட்டியலில் பெயர் வந்தது, ஆடும் அணியில் வரவில்லை. இடதுகை மட்டையாளர்களுக்கு எதிராக இன்னும் திணறுகிறான். பழைய பந்தில் அவனுக்கு ஒரு ஆயுதம் தேவை, இப்போது அதில்தான் வேலை நடக்கிறது.

இடதுகைப் பையன் நாலு அங்குலம் வளர்ந்துவிட்டான். 131 வரை வீசுகிறான், 19 வயதுக்குட்பட்டோருக்கான கூச் பெஹார் கோப்பையில் மாநிலத்துக்காக ஆடியிருக்கிறான். முதல் நாள் ஆறு பந்தோடு விட்டிருந்தால் அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இருந்திருக்காது. இவர்களில் யார் இந்தியாவுக்கு ஆடுவார்கள் என்று ஸ்பான்சர் இன்னமும் கேட்கிறார். இரண்டு பேருக்கும் வாய்ப்பு இருக்கிறது என்பதற்கு மேல் இன்று எதுவும் சொல்ல முடியாது, அதைத்தான் அவரிடமும் சொல்கிறோம். மூத்தவர் மட்டும் முதல் பையன்தான் என்று இன்றும் உறுதியாக இருக்கிறார்.

நடைமுறையில் மாற்றியவை

தேர்வு முகாம் இப்போது ஒரே காலையில் முடிவதில்லை. ஆறு பந்தில் யாரையும் கழிப்பதில்லை. தேர்ந்தவர்களோடு, வேகம் குறைவாக இருந்தும் சீம் நன்றாக நிற்கிற, அல்லது வளர்ச்சி பாக்கி இருக்கிற சிலரையும் இரண்டாவது சுற்றுக்குக் கூப்பிடுகிறோம். அதில் களைப்பான உடம்போடு ஒரு ஸ்பெல் வீச வேண்டும். ஒரே ஒரு திருத்தம் சொல்லி அனுப்பி ஒரு வாரம் கழித்துப் பார்க்கிறோம். 10-க்கு எத்தனை என்ற கட்டத்தைப் படிவத்திலிருந்தே எடுத்துவிட்டோம்.

பந்துக் கணக்கை இப்போது பையனே எழுதுகிறான், டென்னிஸ் பந்து, பள்ளி ஆட்டம், தெருவில் போட்டது எல்லாம் சேர்த்து. சேர்க்கும்போதே வீட்டு வருமானத்தைப் பற்றியும், இரவு ஆட்டங்களில் எவ்வளவு கிடைக்கிறது என்பதைப் பற்றியும் பெற்றோரோடு வெளிப்படையாகப் பேசுகிறோம். இதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது, ஆனால் கேட்ட பிறகுதான் கணக்கே சரியாக வருகிறது.

தீராமல் இருப்பது ஸ்கேன் செலவு. முழு வேகத்தில் வீசும் பையன்களுக்குப் பருவத்துக்கு ஒருமுறை, வலி வருவதற்கு முன்பே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது பிசியோவின் கருத்து, எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. இந்த வருடம் இந்த இரண்டு பையன்களுக்கு மட்டும் கிளப் அந்தச் செலவை ஏற்றிருக்கிறது. மற்றவர்களுக்காக ஸ்பான்சரிடமும் ஊரில் உள்ள ஒரு ஸ்கேன் மையத்திடமும் பேசிக்கொண்டிருக்கிறோம்.